நாலு கியர்தானே, முள் ஏன் நாலு தடவை விழுது?

இதை முதலில் எண்ணிச் சொன்னது அப்பாதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை. கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் போய்க்கொண்டிருந்தோம், ஸ்காட் சாலை கந்தசாமி கோயிலுக்கு. கூட்டரசு நெடுஞ்சாலையில் கூட்டம் குறைவு. நான் ஓட்ட, அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் சாலையைப் பார்க்கவில்லை. என் பக்கம் லேசாகச் சாய்ந்து ஆர்பிஎம் மீட்டரையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"ஏம்மா, இது எத்தனை கியர் காடி?"

"நாலுப்பா."

"நாலு கியர்னா ஒண்ணுலேர்ந்து ரெண்டு, ரெண்டுலேர்ந்து மூணு, மூணுலேர்ந்து நாலு. மொத்தம் மூணு மாத்தம். முள் மூணு தடவைதானே விழணும்? சூடானப்புறம் நின்னு கிளம்புறப்பெல்லாம் எண்ணிட்டு வர்றேன். நாலு தடவை விழுது. அப்புறம் ஷா ஆலம் ஏத்தத்துல நீ காலை ஒண்ணும் பெருசா அழுத்தல, முள் தானா ஏறி மறுபடி இறங்குச்சு. உன் காடி கியர் நழுவுது."

அப்பா முப்பது வருஷத்துக்கு மேல் போர்ட் கிள்ளானில் கன்டெய்னர் லாரி ஓட்டியவர். துறைமுகத்திலிருந்து சரக்கை ஏற்றிக்கொண்டு தீபகற்பத்தின் இரண்டு கரைக்கும் போய் வந்தவர். ஆட்டோ கியர் வண்டி அவர் கைக்கு வந்ததே ஓய்வு பெற்ற பிறகுதான். லாரியில் எந்தக் கியரில் என்ன சத்தம் வரும், எந்தச் சத்தத்துக்குக் கிளட்ச்சை மிதிக்கணும் என்பதெல்லாம் அவருக்கு உடம்பிலேயே இருக்கிறது. அவர் நழுவுகிறது என்றால் எனக்கு அதற்கு மேல் கேள்வி கிடையாது.

அந்த வாரமே ஒரு பட்டறைக்குப் போனேன். "கியர் நழுவுது, சூடானதும் ஆர்பிஎம் தானா ஏறி இறங்குது" என்று சொன்னேன். அங்கிருந்தவர் வண்டியில் ஏறவில்லை, பானெட்டையும் திறக்கவில்லை. கியர்பாக்ஸைப் பிரித்து உள்ளே எல்லாம் மாற்ற 3,800 வெள்ளி, இல்லையென்றால் ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி வரும் பழைய காரிலிருந்து (ஹாஃப்-கட்) ஒரு பெட்டி எடுத்துப் போட 2,200 வெள்ளி என்றார். இரண்டுமே எனக்குச் சின்னத் தொகை இல்லை. முன்பணம் கட்டுகிற நேரத்தில் அப்பாதான் தடுத்தார். "ஓட்டியே பார்க்காம எப்படி விலை சொல்றாங்க?" லாரிக்காரருக்கு அது பொறுக்கவில்லை.

இந்தப் பதிவை எழுத அதுதான் காரணம். ஒரு மாத சம்பளத்தை நெருங்கும் பணத்தை, பழுதே இல்லாத ஒன்றுக்குக் கொடுக்க இருந்தேன். அதே சமயம், பெட்டிக்குள் உண்மையாகவே கவனிக்க வேண்டிய ஒன்று இருந்தது. அதை யாரும் பார்க்கவில்லை. இரண்டையும் சொல்கிறேன்.

அடுத்து போனது காப்பார் பக்கம் உள்ள ஒரு சின்ன பட்டறை. அப்பாவோடு லாரி ஓட்டிய ஒருவர் காட்டிவிட்ட இடம். அங்கிருந்த போர்மேன் அண்ணன் முழுக் கதையையும் கேட்டுவிட்டு, "ஐயா, நீங்க முன்னாடி உட்காருங்க. தங்கச்சி, நீ பின்னாடி ஏறு" என்று சாவியை வாங்கிக்கொண்டார். அரை மணி நேரம் ஓட்டினார். வண்டி நன்றாகச் சூடான பிறகு, பின்னால் ஒரு வண்டியும் வராத ஒரு நேர்ச் சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரே சீராக வைத்துக்கொண்டார். "ஐயா, முள்ளைப் பாருங்க." வலது கால் பெட்ரோல் மிதியில் அசையாமல் இருந்தது. இடது காலால் பிரேக் மிதியைத் தொட்டும் தொடாமலும் ஒரு அழுத்து, பின் விளக்கு எரிகிற அளவுக்கு மட்டும். முள் ஏறக்குறைய 250 சுற்று மேலே போனது. காலை எடுத்தார். ஓரிரு நொடியில் முள் பழைய இடத்துக்கு இறங்கியது. மறுபடி தொட்டார், ஏறியது. எடுத்தார், இறங்கியது. விளக்கு சுவிட்சைப் போட்டு அணைப்பதுபோல ஒவ்வொரு தடவையும் அதே அளவு.

"நழுவுற கியர் இப்படிச் சொன்ன பேச்சைக் கேட்குமா, ஐயா?"

அப்பா பேசவில்லை. அண்ணன் வண்டியை ஓரம் கட்டி நிறுத்திவிட்டு, அப்பாவுக்குப் புரிகிற மொழியில் ஒரே வரியில் சொன்னார்: "லாரியில ஹாஃப் கிளட்ச்ல கிளம்புவீங்கல்ல? இந்தக் காடி கிளம்புனதுலேர்ந்து நெடுக ஹாஃப் கிளட்ச்லதான் போகுது. நாலாவது கியர் விழுந்த பிறகுதான் காலை முழுசா எடுக்குது. உங்களோட நாலாவது விழுதல் அதுதான்."

அப்பா முகம் மாறியதை நான் பின்னாலிருந்து கண்ணாடியில் பார்த்தேன். 

அந்த ஒரு வரியை நான் வீட்டுக்கு வந்து பல நாள் படித்து, பார்த்து, கேட்டு விரித்துக்கொண்டேன். எனக்கு விளங்கிய அளவில் எழுதுகிறேன்.

மேனுவல் வண்டியில் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் சேர்ப்பது கிளட்ச் தகடு. ஆட்டோவில் அந்த இடத்தில் டார்க் கன்வெர்ட்டர் இருக்கிறது. டோனட் வடிவத்தில் ஒரு மூடிய இரும்புக் கூடு, உள்ளே முழுக்க எண்ணெய். இன்ஜின் பக்கம் ஒரு விசிறி, கியர்பாக்ஸ் பக்கம் அதைப் பார்த்தபடி இன்னொரு விசிறி. இரண்டும் ஒன்றையொன்று தொடுவதில்லை. முதல் விசிறி எண்ணெயைச் சுழற்றி வீசுகிறது, அந்த வேகத்தில் இரண்டாவது சுழல்கிறது. இரண்டு மேசை விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் போட்டால் மற்றது தானாகச் சுற்றுமே, அதே கதைதான். நடுவில் ஸ்டேட்டர் என்று மூன்றாவதாக ஒரு சக்கரம் உண்டு. திரும்பி வரும் எண்ணெயைச் சரியான கோணத்தில் திருப்பிவிட்டு, கிளம்பும்போது இழுவையை ஏறக்குறைய இரண்டு மடங்குவரை கூட்டித் தருகிறது. சிவப்பு விளக்கில் டி-யில் பிரேக் மிதித்து நிற்கும்போது இன்ஜின் அணையாமல் ஓடுவதும் இந்தக் கூடு இருப்பதால்தான்.

இதைக் கண்டுபிடித்தவர் ஹெர்மன் ஃபொட்டிங்கர் என்ற ஜெர்மானியப் பொறியாளர். 1905-இல் காப்புரிமை வாங்கினார். அது கார்களுக்காகப் பிறந்த பொருளே இல்லை. கப்பல்களுக்காகப் பிறந்தது. நீராவி டர்பைன் மிக வேகமாகச் சுற்றும், கப்பலின் விசிறி மெதுவாகச் சுற்ற வேண்டும். இரண்டையும் சேர்க்க எண்ணெயையோ நீரையோ நடுவே வைக்கலாம் என்று அவர் நினைத்தார். இதைச் சொன்னபோது அப்பா, "அப்ப இது ஹார்பர் சாமான்தான்" என்றார். அதன்பிறகு அவருக்கு அந்தப் பெட்டி கொஞ்சம் நெருக்கமாகிவிட்டது.

எண்ணெய் வழியாக இழுப்பதில் ஒரு நஷ்டம் உண்டு. முன் விசிறி சுற்றுகிற அதே வேகத்தில் பின் விசிறி ஒருபோதும் சுற்றாது, எப்போதும் கொஞ்சம் பின்தங்கும். அந்த வித்தியாசம் சூடாகவும் வீணான பெட்ரோலாகவும் போகிறது. அதனால் கூட்டுக்குள்ளேயே ஒரு கிளட்ச் தகட்டை வைத்தார்கள். வண்டி ஒரு சீரான வேகத்துக்கு வந்ததும் அந்தத் தகடு அழுந்திப் பிடித்து, இரண்டு பக்கத்தையும் ஒன்றாக்கிவிடும். இதற்கு லாக்-அப் என்று பெயர். 1949-இல் அமெரிக்காவின் பேக்கார்ட் கார்களிலேயே இது வந்துவிட்டது. எழுபதுகளின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு சிக்கனத்துக்காக உலகம் முழுக்கப் பரவியது.

இப்போது முள்ளுக்கு வருவோம். கியர் மாறினால் முள் பெரிதாக விழும், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. 3,000-த்தில் இருந்தது 2,000 பக்கம் வரும். லாக்-அப் பிடித்தால் விழுவது சின்ன அளவு, பத்தில் ஒரு பங்கு போல. என் காடியில் 90 கிலோமீட்டரில் 2,350 காட்டியது 2,100-க்கு வரும். மூன்று பெரிய விழுதல், பிறகு ஒரு சின்ன விழுதல். அப்பா எண்ணிய நாலு சரிதான். எண்ணிக்கையில் பிழையே இல்லை, பெயர் மட்டும்தான் மாறிப்போனது.

ஏற்றத்தில் முள் தானாக ஏறியதற்கும் இதுதான் பதில். மேம்பாலம் ஏறும்போது வேகம் குறையக்கூடாது என்று என் கால் நானறியாமலே கொஞ்சம் அழுத்தியிருக்கிறது. கூடுதல் இழுவை வேண்டும் என்று வண்டியின் கணினி லாக்-அப்பை விட்டுவிட்டது. முள் 250 ஏறியது. இறக்கத்தில் கால் தளர்ந்ததும் மறுபடி பிடித்தது. பிரேக்கைத் தொட்டாலும் அதே கதைதான். வண்டி நிற்கப் போகிறது என்று எடுத்துக்கொண்டு பிடியை விடும், இல்லாவிட்டால் மேனுவலில் கிளட்ச் மிதிக்காமல் நின்ற மாதிரி இன்ஜின் அணைந்துபோகும். அந்த அண்ணன் இடது காலால் செய்து காட்டியது இதைத்தான். தயவுசெய்து நெடுஞ்சாலையில் நீங்களாகச் செய்து பார்க்காதீர்கள். பின்னால் வருகிறவனுக்கு உங்கள் பிரேக் விளக்கு மட்டும்தான் தெரியும்.

இன்னொன்றும் அப்பாவைக் குழப்பியிருந்தது. "காலையில எடுத்ததும் இப்படி இல்ல. சூடானப்புறம்தான் பண்ணுது" என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். பட்டறையில் அதைக் கேட்டால் யாரும் பெட்டி போச்சு என்றுதான் நினைப்பார்கள், தேய்ந்த கிளட்ச் சூட்டில்தான் நழுவும். ஆனால் லாக்-அப்பும் சூடானபின்தான் வேலை செய்யும். எண்ணெயும் இன்ஜினும் போதுமான சூட்டுக்கு வரும்வரை கணினி அதைப் பிடிக்க விடாது. புக்கிட் ராஜா தாண்டும்வரை என் காடியில் மூன்று விழுதல்தான். ஷா ஆலமில் நாலாகிவிடும்.

நழுவினால் முள் ஏறும். பிடித்தால் விழும். அப்பா பார்த்த நாலாவது விழுதல், பெட்டி மற்ற எந்த நேரத்தையும்விட உறுதியாகப் பிடித்த நேரம். அதைத்தான் நாங்கள் நோயென்று எண்ணியிருந்தோம்.

பிறகு நான் ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போகும்போது பார்க்கத் தொடங்கினேன். முள்ளை மட்டும் பார்த்தால் ஒன்றும் தெரியாது. கால் அசைந்ததா, வேகம் மாறியதா, முள் மாறியதா, இந்த மூன்றையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். கால் அசைந்து முள் ஏறி வேகமும் கூடினால் அது கியர் இறங்கியது. கால் துளி அசைந்து முள் 200, 300 ஏறினால் லாக்-அப் விட்டது. கால் அசையவே இல்லை, வேகமும் கூடவில்லை, முள் மட்டும் மேலே போகிறது என்றால் அப்போதுதான் பயப்படவேண்டும்.

நின்றுகொண்டிருக்கும்போது முள் ஆடுவது வேறு விஷயம். பிரிக்பீல்ட்ஸில் ஜாலான் துன் சம்பந்தனில் மாலை ஆறு மணிக்கு மாட்டிக்கொண்டவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். பூக்கடைகளுக்கு எதிரே பத்து நிமிஷம் அசையாமல் நிற்போம். முள் 700-இல் இருக்கும், ஒரு 'டிக்' சத்தம், லேசாகச் சரிந்து 800-க்கு ஏறும், கொஞ்ச நேரத்தில் மறுபடி இறங்கும். கியர்பாக்ஸுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஏர்கோன் கம்ப்ரஸர் சேர்ந்து விலகுகிற ஆட்டம் அது. நம் ஊர் வெயிலில் ஏர்கோன் போடாமல் யார் ஓட்டுகிறார்கள்? கம்ப்ரஸர் சேர்ந்ததும் இன்ஜினுக்குப் பாரம் கூடும், அதைத் தாங்கக் கணினி சுற்றைக் கொஞ்சம் ஏற்றும். ரேடியேட்டர் விசிறி ஓடினாலும் அப்படித்தான். ஏறி இறங்குவது இலேசாக இருந்தால் கவலை வேண்டாம். சரியும்போது ஸ்டியரிங் நடுங்கி இன்ஜின் அணையப் பார்த்தால் த்ராட்டில் பாடியில் கரி படிந்திருக்கலாம். சுத்தம் செய்யச் செலவு குறைவு. சுத்தம் செய்த பிறகோ பேட்டரி மாற்றிய பிறகோ ஓரிரு நாள் முள் அலைவதும் உண்டு. கணினி பழைய கணக்கை மறந்துவிட்டு மறுபடி கற்றுக்கொள்கிறது. காலையில் முதல் ஸ்டார்ட்டில் 1,200, 1,500 என்று நிற்பதும் இயல்பு. புகை வடிகட்டும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சீக்கிரம் சூடாக்க அப்படி வைத்திருக்கிறார்கள். அந்த உயரத்தில் இருக்கும்போது அவசரமாக ஆர்-இல் போட்டால்தான் 'தடக்' என்று அடிக்கும். முள் இறங்கட்டும், பிறகு போடுங்கள்.

கெந்திங் இறக்கத்தைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். அங்கேதான் அப்பாவும் அந்தப் பெட்டியும் சமாதானமானார்கள்.

போன பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு மேலே போய்வந்தோம். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,800 மீட்டர். இறங்கும்போது என் கால் பெட்ரோல் மிதியில் இல்லை, ஆனாலும் முள் 3,500-ஐத் தொட்டது. இன்ஜின் உறுமியது. பின்னால் இருந்த என் அத்தை, "பிரேக் பிடி, பிரேக் பிடி" என்று பதறிவிட்டார். அப்பா கையை உயர்த்தி, "விடு, காடி சரியாத்தான் பண்ணுது" என்றார். பிரேக்கைத் தொட்டபோது இறக்கம் என்று உணர்ந்து பெட்டி தானாகவே கீழ்க் கியருக்குப் போயிருந்தது. இன்ஜின் வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது. அந்த நேரத்தில் சுற்று எவ்வளவு உயர்ந்தாலும் பெரும்பாலும் ஒரு சொட்டுப் பெட்ரோலும் உள்ளே போகாது. சக்கரங்கள்தான் இன்ஜினைச் சுற்றுகின்றன. பாரம் ஏற்றிய லாரியை அப்பா மலைச்சாலையில் இப்படித்தான் இறக்கியிருக்கிறார். ஏறிய கியரிலேயே இறங்கணும் என்பது அவர் காலத்துப் பாடம். எல்லாப் பெட்டியும் தானாகச் செய்யாது. செய்யாத வண்டியில் நாமே எல், 2, எஸ், பி என்று எது இருக்கிறதோ அதில் போடவேண்டும். அங்கே முள் ஏறியதைப் பார்த்துப் பயந்து டி-க்கே திருப்பி, பிரேக்கை மிதித்துக்கொண்டே வருகிறவர்களின் சக்கரத்திலிருந்து கருகல் வாடை வருவதை இறக்கத்தில் எத்தனை தடவை முகர்ந்திருக்கிறேன். கொதித்துப்போன பிரேக் பிடிக்காது. உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் இது. இறக்கத்தில் ஏறுகிற முள் உங்களைக் காப்பாற்றுகிற முள்.

இப்போது சிவிடி. இந்தப் பதிவை எழுதப்போகிறேன் என்று சொன்னதும் என் தோழிகள் கேட்டதெல்லாம் இதைப் பற்றித்தான். "அழுத்தினா சத்தம் மட்டும் போகுது, காடி அப்புறம்தான் போகுது, ரப்பர் பேண்ட் மாதிரி." சிவிடியில் கியர்ச் சக்கரங்கள் ஒவ்வொன்றாக மாறுவதில்லை. இரண்டு கூம்புக் கப்பிகள், நடுவே ஒரு எஃகுப் பெல்ட். கப்பிகள் அகன்று சுருங்கும்போது விகிதம் வழுக்கிக்கொண்டே மாறும். 1958-இல் நெதர்லாந்தின் டாஃப் நிறுவனம் ரப்பர் பெல்ட்டோடு இதைக் காரில் கொண்டுவந்தது. வேகம் வேண்டும் என்றால் கணினி முதலில் இன்ஜினைப் பலமான ஒரு சுற்றுக்குக் கொண்டுபோய் நிறுத்தும், பிறகு கப்பிகளை நகர்த்தி வண்டியை வேகமாக்கும். முள் 4,000-த்தில் அசையாமல் நிற்க, வேகம் 60, 70, 80 என்று ஏறிக்கொண்டே போகும். மேனுவலில் வளர்ந்த காதுக்கு இது அச்சு அசல் கிளட்ச் நழுவுவதுபோலத்தான் கேட்கும். இல்லை. வேகம் கூடுகிறதே, அதைப் பாருங்கள். சில சிவிடி வண்டிகள் ஏழு கியர் இருப்பதுபோலப் படிப்படியாகவும் மாற்றிக் காட்டும். அங்கே முள் விழுவது கியராலும் இல்லை, லாக்-அப்பாலும் இல்லை. ஓட்டுகிறவருக்குப் பழகிய உணர்வைத் தர எழுதிய மென்பொருள்.

நம் நாட்டில் இதில் ஒரு சிக்கல் உண்டு, பல சண்டைகளுக்கு அதுதான் மூலம். ஒரே பெயர், உள்ளே வேறு பெட்டி. 2017-இல் வந்த மூன்றாம் தலைமுறை மைவியில் ஆட்டோ என்றால் நாலு கியர், டார்க் கன்வெர்ட்டர். அதே உருவம் 2021 நவம்பரில் புதுப்பித்து வந்தபோது உள்ளே டி-சிவிடி. குறைந்த வேகத்தில் பெல்ட், வேகம் கூடியதும் பெல்ட்டோடு பல்சக்கரமும் சேர்ந்து இழுக்கும் வகை. அதே ஆண்டு மார்ச்சில் அத்திவாவோடுதான் அது மலேசியாவுக்கு வந்தது. சாகாவில் தலைகீழ். 2016-இல் வந்ததில் சிவிடி, 2019 ஆகஸ்டில் புதுப்பித்ததில் நாலு கியர். எக்ஸ்70 முதலில் 2018 டிசம்பரில் இறக்குமதியாக வந்தபோது ஆறு கியர் ஆட்டோ, 2020-இல் உள்நாட்டில் பொருத்தியபோது ஏழு கியர் இரட்டைக் கிளட்ச். "என் மச்சானும் அதே காடிதான் வச்சிருக்கான், அவனோடது இப்படிப் பண்ணல" என்று யாராவது சொன்னால், எந்த வருஷக் காடி என்று முதலில் கேளுங்கள். ஹைப்ரிட் என்றால் இந்தப் பேச்சே வேண்டாம். சிலவற்றில் பெரும்பாலான நேரம் இன்ஜின் மின்சாரம் தயாரிக்கத்தான் ஓடுகிறது, அதன் சுற்றுக்கும் சக்கரத்துக்கும் நேரடித் தொடர்பே இல்லை.

சரி, உண்மையாகவே நழுவினால் எப்படி இருக்கும்? அந்தப் போர்மேன் அண்ணனிடம் இதைத்தான் அதிகம் கேட்டேன். கியர் மாறுகிற நொடியில் முள் விழுவதற்குப் பதிலாக 'விர்ர்' என்று மேலே எகிறி, பிறகு அடித்துப் பிடித்தால், பழைய பிடியை விட்டுவிட்டது, புதிய பிடி இன்னும் வரவில்லை என்று அர்த்தம். காலையில் டி-யிலோ ஆர்-இலோ போட்டால் ஒரு நொடிக்குள் இழுக்க வேண்டும். இரண்டு, மூன்று நொடி யோசித்து 'தடக்' என்று விழுந்தால் அழுத்தம் குறைந்திருக்கிறது. 60, 70 வேகத்தில் லேசாக அழுத்திப் போகும்போது சாலையோரத்து மேட்டுக் கோடுகள்மேல் ஓடுவதுபோல வண்டி முழுக்க அதிர்ந்தால், லாக்-அப் தகடு பிடித்தும் பிடிக்காமலும் தடுமாறுகிறது. ஆனால் தீப்பொறிப் பிளக் தேய்ந்தாலும் காயில் கெட்டாலும் அதே அதிர்வு வரும். பிளக்கைப் பார்க்காமல் பெட்டியைப் பிரிக்கச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். கணினியில் ஸ்கேன் போடச் சொல்லுங்கள். பி0741 என்று வந்தால் லாக்-அப் பிடிக்கவில்லை என்று பொருள். அப்போதும் குற்றவாளி தகடாகவும் இருக்கலாம், எண்ணெயைத் திருப்பிவிடும் சின்ன சொலினாய்டாகவும் இருக்கலாம், வெறும் எண்ணெயாகவும் இருக்கலாம். விலை வித்தியாசம் ஆயிரக்கணக்கில்.

எண்ணெய். என் காடியில் உண்மையான குறை அங்கேதான் இருந்தது.

அண்ணன் கியர் எண்ணெயின் அளவுகோலை இழுத்து வெள்ளைத் துணியில் துடைத்துக் காட்டினார். "புது எண்ணெய் சிராப் மாதிரி இருக்கணும்" என்றார், ரோஜா சர்பத்தின் அந்தச் சிவப்பு. என்னுடையது தே-ஓ நிறம். "கோப்பி-ஓ ஆகி, கருகின வாசனையும் வந்துச்சுன்னா உள்ள தகடு எரியுதுன்னு அர்த்தம். உனக்கு இன்னும் அந்த அளவுக்கு வரல, தங்கச்சி. ஆனா இதை யாரும் மாத்தினதே இல்ல." நான் இரண்டாம் கையாக வாங்கிய வண்டி. இன்ஜின் எண்ணெயைத் தவறாமல் மாற்றியிருந்தேன், கியர் எண்ணெயை நினைத்ததே இல்லை. ஆட்டோ பெட்டியில் அந்த எண்ணெய்தான் எல்லாம். விசிறியைச் சுழற்றுவதும், கிளட்ச்சை அழுத்துவதும், சூட்டைச் சுமந்துபோய்த் தணிப்பதும் அது ஒன்றேதான். எல்லா எண்ணெயும் சிவப்பு இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். சிவிடி எண்ணெய் பச்சையாக, மஞ்சளாகக்கூட இருக்கும். ஒன்றுக்குரியதை இன்னொன்றில் ஊற்றினால் பெட்டி போய்விடும். கையேட்டில் எழுதிய வகை மட்டும்தான்.

பிறகு அவர் பட்டறை ஓரத்தில் மூடி வைத்திருந்த ஒரு போத்தலைக் கொண்டுவந்தார். உள்ளே இளஞ்சிவப்பு, பால் கலந்ததுபோல. சிராப் பாண்டுங் என்றுதான் நினைத்தேன். வெள்ளத்தில் மூழ்கிய ஒரு வண்டியிலிருந்து எடுத்த கியர் எண்ணெய் அது. 2021 டிசம்பர் 18, 19 தேதிகளில் பெய்த மழையை எங்கள் பக்கத்தில் யாரும் மறக்கமாட்டார்கள். தாமான் ஸ்ரீ மூடாவில் ஆட்கள் கூரைமேல் ஏறி நின்றார்கள். கார்கள் மேற்கூரைவரை மூழ்கின. கியர்பாக்ஸ் மூச்சுவிட மேலே ஒரு சின்னத் துளை இருக்கும், வண்டி மூழ்கினால் அதன் வழியாகத் தண்ணீர் இறங்கிவிடும். கிளட்ச் தகட்டில் ஒட்டியிருக்கும் உராய்வுத் தாள் தண்ணீரில் ஊறிப் பசை விட்டு உரியும். இருக்கையைத் துவைத்துக் காயவைத்து, நல்ல வாசனையும் அடித்து விற்ற வண்டியை வாங்கியவருக்கு அது சில மாதம் கழித்துத்தான் தெரியவரும், முள் எகிற ஆரம்பிக்கும்போது. ரேடியேட்டருக்குள்ளேயே கியர் எண்ணெயைக் குளிர்விக்கும் குழாய் உள்ள வண்டிகளில், அது விரிசல் விட்டாலும் இதே பாண்டுங்தான். பழைய காடி வாங்கப் போகிறவர்கள் அளவுகோல் இருந்தால் இழுத்துப் பாருங்கள். இல்லாத வண்டி என்றால் கீழே திருகைத் தளர்த்தி ஒரு கரண்டி எண்ணெய் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுக்கிறவரிடம் வாங்கவேண்டாம்.

எண்ணெயை ஒரே தடவையில் முழுதாக மாற்ற அவர் சம்மதிக்கவில்லை. கீழே வடிவது பாதிக்கும் குறைவு, மீதி கன்வெர்ட்டருக்குள்ளேயே தங்கிவிடும். வடிந்த அளவுக்குப் புதியதை ஊற்றி, 5,000 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து மறுபடி, அதற்குப் பிறகு இன்னொரு தடவை என்றார். வடிகட்டியையும் மாற்றினார். அடித்தட்டில் இருந்த காந்தத்தைத் துடைத்தபோது அதில் சாம்பல்போல மெல்லிய மாவுதான் இருந்தது. அது இருக்கலாம், சில்லுகளாக இருந்தால்தான் ஆபத்து என்று அப்பாவின் விரலில் தடவிக் காட்டினார். அப்பா அதைத் தேய்த்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். மொத்தச் செலவு 3,800-இல் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. வாங்கிய பணத்துக்கு மேல் அவர் எங்களுக்கு அரை நாள் பாடமும் நடத்தியிருந்தார்.

இரண்டாவது தடவைக்கு இன்னும் 400 கிலோமீட்டர் இருக்கிறது. நேற்று காலை என்னோடு பிரிக்பீல்ட்ஸ் வந்த அப்பா, கிள்ளானில் கிளம்பியதும் வழக்கம்போல எண்ண ஆரம்பித்தார். ஒண்ணு, ரெண்டு, மூணு. புக்கிட் ராஜா தாண்டியது. மீட்டரைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக் காதை மட்டும் கொடுத்து உட்கார்ந்திருந்தார். ஷா ஆலம் ஏற்றம் முடிந்து நான் காலைத் தளர்த்தியதும், "இப்ப பிடிச்சுச்சு" என்றார். நான் முள்ளைப் பார்த்தேன். 2,100.